நெடுஞ்சாலைப் பயணத்தில் பிள்ளைகளின் வண்டி பார்க்கும் ஆட்டங்கள்: கணக்கு ஆசிரியர் ஒருவரின் பதில்

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இதுதான்: கோடை விடுமுறையில் தாம்பரத்திலிருந்து திருநெல்வேலிக்குக் காரில் போகிறீர்கள், பத்து வயது மகளும் ஆறு வயது மகனும் பின்னிருக்கையில் இருப்பார்கள், அவர்கள் கையில் கைப்பேசியைக் கொடுக்க உங்களுக்கு மனமில்லை. அமெரிக்காவில் இருக்கும் உறவினர்கள் சொன்ன நம்பர் பிளேட் ஆட்டமும், குறிப்பிட்ட காரைக் கண்டவுடன் பக்கத்தில் இருப்பவரின் தோளில் குத்தும் ஆட்டமும் நம் சாலைக்குப் பொருந்துமா, இவற்றால் பிள்ளைகளின் கணக்கு தேறுமா, மகனுக்குக் காரில் வாந்தி வரும் என்பதால் இது ஏற்றதுதானா என்று மூன்றாகக் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் நடுவே ஒரு செய்தியையும் எழுதியிருக்கிறீர்கள். போன முறை மகள் வெள்ளைக் காரையும் மகன் மஞ்சள் காரையும் எடுத்துக்கொண்டு எண்ணத் தொடங்கினார்கள். செங்கல்பட்டைத் தாண்டுவதற்குள் அது அழுகையில் முடிந்துவிட்டது. உங்களுடைய உண்மையான கேள்வி அந்த இடத்தில்தான் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது: நான்கு வயது இடைவெளி உள்ள இரண்டு பிள்ளைகள் பத்து மணி நேரப் பயணத்தில் சேர்ந்து ஆடும்படி ஆட்டத்தை எப்படி அமைப்பது?

நான் நடுநிலைப் பள்ளியில் பல ஆண்டுகள் கணக்குப் பாடம் நடத்தியவன். பள்ளிச் சுற்றுலாப் பேருந்துகளிலும் குடும்பப் பயணங்களிலும் இந்த ஆட்டங்களைப் பிள்ளைகளோடு நிறையவே ஆடியிருக்கிறேன். ஆகவே எண்களைப் பற்றி நான் சொல்வதை நீங்கள் தாளில் போட்டுச் சரிபார்த்துக்கொள்ளலாம், அவை உறுதியானவை. பிள்ளைகள் எப்படி நடந்துகொள்வார்கள் என்று சொல்வது அனுபவத்தில் கண்டது, வீட்டுக்கு வீடு மாறக்கூடியது. வாந்தியைப் பற்றிச் சொல்வது பொதுவாக அறியப்பட்ட செய்தி மட்டுமே, அதற்கு மேல் உங்கள் குழந்தை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

சண்டை ஏன் வந்தது என்பதற்கு விடை எளிது. எதைத் தேடுவது என்பதில் நாம் செலுத்தும் கவனத்தை, அது எவ்வளவு அடிக்கடி கண்ணில் படும் என்பதில் செலுத்துவதில்லை. நம் நாட்டில் ஓடும் கார்களில் வெள்ளைதான் மிகுதி; மஞ்சள் வண்ணக் கார் அரிது. பத்து வயதுப் பெண்ணுக்கு இது தெரிந்திருக்கும், ஆறு வயதுப் பையனுக்குப் பிடித்த வண்ணம் மட்டுமே தெரிந்திருக்கும். ஆட்டம் தொடங்கும்போதே முடிவும் எழுதப்பட்டுவிட்டது. இதைச் சரிசெய்ய ஒரு நல்ல வழி, புறப்பட்டதும் போட்டியைத் தொடங்காமல் முதல் நூறு கார்களைப் பிள்ளைகள் இருவரும் சேர்ந்து வண்ணவாரியாக எண்ணுவது. எண்ணியதில் வெள்ளை 40, சிவப்பு 8, மஞ்சள் 2 என்று வந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளைக்கு 1 புள்ளி, சிவப்புக்கு 5, மஞ்சளுக்கு 20 என்று விதித்துவிட்டால், எந்த வண்ணத்தை எடுத்தவருக்கும் அந்த நூறில் கிடைத்திருக்கக்கூடியது 40 புள்ளிதான். இப்போது மகன் தாராளமாக மஞ்சளைக் கேட்கலாம். நெடுநேரம் ஒன்றும் வராது, வந்தால் ஒரே தாவலாகத் தாவுவான். புள்ளியை இப்படிப் பங்கிடும் வேலையை மகளிடமே விடுங்கள். பள்ளியில் எதிர்விகிதம் என்று பின்னாளில் படிக்கப்போவதை அவள் இங்கே தன் தம்பிக்கு நியாயம் வழங்குவதற்காகவே செய்துபார்ப்பாள்.

அரிதான பொருளைத் தேடுவதில் இன்னொரு சங்கடம் உண்டு. அரிதாக வருவதைக் கண் தவறவிடுகிறது, அது கண்ணெதிரே வந்தாலும்கூட. ஜெரமி உல்ஃப் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 2005இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது: தேடப்படும் பொருள் எவ்வளவுக்கு எவ்வளவு அபூர்வமாகத் தோன்றுகிறதோ, அவ்வளவுக்கு அவ்வளவு அதைத் தவறவிடும் விகிதமும் கூடுகிறது. விமான நிலையத்தில் பயணிகளின் பைகளைத் திரையில் பார்த்துச் சோதிப்பவர்களை மனத்தில் வைத்துச் செய்த ஆய்வு அது. பின்னிருக்கையில் நடக்கும் ஆட்டத்துக்கு இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது, மிக அரிதான ஒன்றைத் தொடர்ந்து தேடச் சொல்லக் கூடாது என்பதுதான். அதைப் பயணம் முழுவதற்குமான ஒரே பரிசாக வைத்துவிட்டு மறந்துவிட வேண்டும். அம்பாசிடர் கார் இதற்கு மிகப் பொருத்தம். மேற்கு வங்கத்தின் உத்தரபாராவில் அதன் தயாரிப்பு 2014 மே மாதத்தோடு நின்றுபோனது. ஆகவே சாலையில் அதன் எண்ணிக்கை இனிமேல் குறையத்தான் செய்யும். 1983 டிசம்பரில் வெளிவந்த மாருதி 800உம் தயாரிப்பு நின்ற வண்டிதான். ஆனால் அது ஊர்ப்புறங்களில் இன்னும் கண்ணில் படும், எனவே பரிசைச் சிறிதாக வையுங்கள். தாத்தா பாட்டி உடன் வருகிறார்கள் என்றால் இந்தப் பழைய வண்டிகளை அடையாளம் சொல்லும் பொறுப்பு அவர்களுடையது.

அமெரிக்க நம்பர் பிளேட் ஆட்டத்துக்கு வருகிறேன். அங்கே ஒவ்வொரு மாநிலத்தின் தகடும் தனித்தனி வண்ணமும் படமும் கொண்டது, மாநிலத்தின் பெயரும் அதில் எழுதியிருக்கும். ஐம்பது மாநிலங்களில் எத்தனை கண்ணில் பட்டன என்று எண்ணுவதே ஆட்டம். அதை அப்படியே இங்கே ஆடினால் கேஏ, கேஎல், ஏபி, பிஒய் என்று நான்கைந்து எழுத்துகளோடு நின்றுவிடும், பிள்ளைகளுக்குச் சலிப்புத் தட்டும். நமக்கு வாய்த்திருப்பது வேறொரு வளம். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 1989இல் நடைமுறைக்கு வந்ததிலிருந்து, மாநில எழுத்துக்குப் பின்னால் வரும் இரண்டு இலக்கங்கள் வண்டி பதிவான ஆர்டிஓ அலுவலகத்தைக் குறிக்கின்றன. அதாவது தமிழ்நாட்டு வண்டி ஒவ்வொன்றும் தன் ஊரை நெற்றியில் எழுதிக்கொண்டு ஓடுகிறது. உங்கள் பாதையில் வரிசையாகச் சொன்னால் தாம்பரம் 11, செங்கல்பட்டு 19, விழுப்புரம் 32, பெரம்பலூர் 46. திருச்சி மேற்கு 45, ஸ்ரீரங்கம் 48, திருச்சி கிழக்கு 81. மதுரைக்கு 58, 59, 64 என மூன்று. பிறகு விருதுநகர் 67, கோவில்பட்டி 96, கடைசியில் திருநெல்வேலி 72.

இந்த வரிசையை ஒரு அட்டையில் எழுதிப் பிள்ளைகளிடம் கொடுங்கள். தாம்பரத்தில் புறப்படும்போது டிஎன் 72 கண்ணில் படுவது ஒரு அதிசயம். மதுரை தாண்டினால் அடிக்கடி வரும். கயத்தாறு வந்தால் எண்ணி மாளாது. டிஎன் 19 இதற்கு நேர் எதிராகத் தேய்ந்துகொண்டே போகும். ஒரே எண்ணுக்கு இடத்துக்கு இடம் மதிப்பு மாறுவதைப் பிள்ளைகள் தாமாகக் கண்டுபிடிப்பார்கள். பெரம்பலூருக்கு வந்தபின் 'இனிமேல் 72க்கு இருபது புள்ளி தரக் கூடாது' என்று மூத்தவள் வழக்காடத் தொடங்கினால், ஆட்டம் நன்றாக நடக்கிறது என்று பொருள்.

இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டியவை இன்னும் சில உண்டு. லாரிகளில் 28, 88 என்ற நாமக்கல் எண்களும் 34 என்ற திருச்செங்கோட்டு எண்ணும் எந்த மாவட்டத்துச் சாலையிலும் வந்துகொண்டே இருக்கும். லாரித் தொழிலும் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டித் தொழிலும் அங்கே வேரூன்றியிருப்பதே காரணம். ஏன் இவ்வளவு நாமக்கல் என்று பிள்ளை கேட்டால், அந்தக் கேள்விக்கு விடை சொல்வதிலேயே அரை மணி நேரம் போகும், அது நல்ல அரை மணி நேரம். ஆம்னி பேருந்துகளில் என்எல் என்ற நாகாலாந்து எழுத்தும் ஏஆர் என்ற அருணாச்சலப் பிரதேச எழுத்தும் தென்பட்டால் அவை அங்கிருந்து ஓடி வந்தவை அல்ல, வரி குறைவு என்பதற்காக அங்கே பதிவு செய்யப்பட்டவை. இப்படி வெளிமாநிலப் பதிவோடு இங்கே ஓடுவதைத் தடுக்கத் தமிழ்நாட்டுப் போக்குவரத்துத் துறை 2024இல் நடவடிக்கை எடுத்தது. தெலங்கானா வண்டிகள் 2024 மார்ச் வரை டிஎஸ் என்றும் அதற்குப் பின் டிஜி என்றும் பதிவாகின்றன. மாநில எழுத்தே இல்லாமல் ஆண்டின் இரண்டு இலக்கத்தில் தொடங்கி நடுவே பிஎச் என்று வருவது, மாநிலம் விட்டு மாநிலம் மாற்றலாகும் பணியில் இருப்பவர்களுக்காக 2021இல் கொண்டுவரப்பட்ட பாரத் வரிசை. நம் அரசுப் பேருந்துகளின் எண்ணுக்கு முன்னுள்ள எழுத்துகளில் என் என்ற ஆங்கில எழுத்து இருப்பதையும் மகளைக் கவனிக்கச் சொல்லுங்கள். ஐ, ஓ என்ற இரண்டு எழுத்துகள் அந்த இடத்தில் வருவதில்லை, அவை ஒன்றோடும் சுழியத்தோடும் குழம்பும் என்பதால் விட்டுவிட்டார்கள்; இதை முன்னாலேயே சொல்லிவிடாமல் 'எந்த எழுத்து வரவே இல்லை?' என்று கேட்டு வையுங்கள்.

எழுத்துக்கூட்டிப் படிக்கும் வயதில் இருக்கும் மகனுக்கு ஊர் எண் கடினம். தகட்டின் வண்ணம் எளிது. வெள்ளைத் தகட்டில் கறுப்பு எழுத்து என்றால் சொந்த வண்டி. மஞ்சளில் கறுப்பு என்றால் நாம் டி போர்டு என்று சொல்லும் வாடகை வண்டி, சரக்கு வண்டி. கறுப்பில் மஞ்சள் எழுத்து என்றால் நாமே ஓட்டிக்கொள்ள வாடகைக்கு விடும் கார். பச்சைத் தகடு மின்சார வண்டிக்கு உரியது, எழுத்து வெள்ளையாக இருந்தால் சொந்த வண்டி, மஞ்சளாக இருந்தால் வாடகை வண்டி. நீலத்தில் வெள்ளை எழுத்து தூதரக வண்டி, சென்னையைத் தாண்டினால் அது அபூர்வம். ராணுவ வண்டியின் எண்ணில் மேல்நோக்கிய அம்புக்குறி இருக்கும். அதைக் கண்ட பிள்ளை அன்று முழுவதும் அதைச் சொல்லிக்கொண்டிருக்கும். லாரியின் நெற்றியில் தமிழில் எழுதியிருக்கும் சாமி பெயரையும் ஊர்ப் பெயரையும் படிக்கவிடுவது இந்த வயதுக்கு இன்னொரு நல்ல பயிற்சி; லாரி மெதுவாகப் போகிறது, எழுத்து பெரிதாக இருக்கிறது, வேறென்ன வேண்டும்?

இனிக் கடைசி நான்கு இலக்கங்கள். என் அனுபவத்தில் சின்னவர்களும் பெரியவர்களும் சமமாக ஆடக்கூடிய ஆட்டம் ஒன்று உண்டு. அடுத்து முந்தப்போகும் வண்டியின் நான்கு இலக்கங்களில் ஏதாவது ஓர் இலக்கம் இரண்டு முறை வருமா, வராதா? 7245இல் வரவில்லை, 3683இல் மூன்று இரண்டு முறை வருகிறது. கூட்டல் தெரிய வேண்டாம், இலக்கம் தெரிந்தால் போதும். நான்கும் வேறு வேறாக அமையும் வழிகள் பத்து, ஒன்பது, எட்டு, ஏழு ஆகியவற்றின் பெருக்கல்தொகை, அதாவது பத்தாயிரத்தில் 5,040. ஏதாவது ஒன்று மீண்டும் வருவது மீதி 4,960. ஏறக்குறையச் சரிபாதி, நாணயம் சுண்டுவதைப் போலத்தான். மகன் 'வரும்' என்று பிடிவாதமாக ஒரே பக்கம் நின்றாலும் அக்காவிடம் தோற்றுக்கொண்டே இருக்க மாட்டான். எண் ஒற்றை இலக்கத்திலோ இரட்டை இலக்கத்திலோ எழுதப்பட்ட பழைய தகடு வந்தால் முன்னால் சுழியங்கள் இருப்பதாக வைத்துக்கொள்ளலாம் என்று முதலிலேயே பேசி முடிவு செய்துவிடுங்கள். விதிகளைப் பற்றிய தகராறுகளில் பெரும்பாலானவை இப்படி முன்னதாகப் பேசாமல் விட்டவைதான்.

மகளுக்குக் கூட்டு எண் ஆட்டம். நான்கு இலக்கங்களையும் கூட்டி வரும் தொகையை முன்கூட்டியே ஊகிப்பது ஒரு வகை. இதில் 18 என்று சொல்பவருக்கே வாய்ப்பு அதிகம்: பத்தாயிரம் எண்களில் 670க்குக் கூட்டுத்தொகை 18, 17க்கும் 19க்கும் தலா 660, ஒன்பதுக்கு 220, ஐந்துக்கு 56, முப்பத்தாறுக்கு ஒன்றே ஒன்று, அது 9999. நடுவில் இருக்கும் தொகைக்கு வழிகள் கூடுதல், ஓரத்தில் இருப்பதற்குக் குறைவு. இதை முதலில் சொல்லிவிடாதீர்கள், மதுரை வருவதற்குள் அவளே கண்டுபிடிப்பாள். தொகையை மீண்டும் கூட்டி ஓரிலக்கம் ஆக்குவது இரண்டாம் வகை: 7245ஐக் கூட்டினால் 18, அதைக் கூட்டினால் 9. இந்த வகையில் எந்த எண்ணுக்கும் முன்னுரிமை இல்லை. 1 முதல் 9999 வரை உள்ள எண்களில் ஒன்று முதல் ஒன்பது வரை ஒவ்வொரு கூட்டு எண்ணும் சரியாக 1,111 முறை வருகிறது. விரைவாகச் செய்ய ஒரு வழியும் இருக்கிறது: ஒன்பதையும், ஒன்பதாகச் சேரும் இணையையும் கண்ணால் அடித்துவிட்டு மீதியைக் கூட்டினால் போதும். 7245இல் ஏழும் இரண்டும் போயிற்று, நான்கும் ஐந்தும் போயிற்று, ஒன்றும் மிஞ்சவில்லை, எனவே விடை 9. இது ஏன் சரியாக வருகிறது என்பதைப் பத்து வயதுக்குச் சொல்லிக் காட்டலாம். ஏழாயிரம் என்பது ஏழு 999களும் ஓர் ஏழும். இருநூறு என்பது இரண்டு 99களும் ஓர் இரண்டும். நாற்பது என்பது நான்கு ஒன்பதுகளும் ஒரு நான்கும். ஒன்பதுகளை ஒதுக்கினால் மிஞ்சுவது இலக்கங்கள் மட்டுமே. எட்டு ஆகாது, ஒன்பது நல்லது என்று வண்டி எண் வாங்கும்போது பெரியவர்கள் பார்ப்பதைப் பிள்ளைகளும் கேட்டிருப்பார்கள். ஆட்டத்தில் எட்டை எடுத்த பிள்ளையை யாரும் பயமுறுத்த வேண்டாம் என்பது என் வேண்டுகோள். அதே சமயம், மக்கள் இப்படி விரும்பியும் ஃபேன்சி நம்பருக்குப் பணம் கட்டியும் எண் வாங்குவதால், தாளில் சரிசமமாக இருக்கும் வாய்ப்புகள் சாலையில் சற்று ஏறி இறங்கத்தான் செய்யும்.

பெரியவர்களையும் வியக்க வைக்கும் ஆட்டம் ஒன்றைச் சொல்கிறேன். தொடர்ந்து வரும் இருபது வண்டிகளின் கடைசி இரண்டு இலக்கங்களை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். அவற்றில் ஏதாவது இரண்டு வண்டிகளுக்கு அந்த இலக்கங்கள் ஒத்துப்போகும் என்று நான் பந்தயம் கட்டுவேன். நூறு வாய்ப்புகள் இருக்க இருபது வண்டிகளில் எப்படி ஒத்துப்போகும் என்று எல்லோரும் மறுப்பார்கள். ஆனால் இருபது வண்டிகளிலிருந்து 190 இணைகள் கிடைக்கின்றன, ஒவ்வோர் இணையும் ஒத்துப்போக நூற்றில் ஒரு வாய்ப்பு உண்டு. முழுக் கணக்கையும் போட்டால், ஏறத்தாழ நூற்றுக்கு 87 தடவை பந்தயம் கட்டியவரே வெல்வார். பதின்மூன்று வண்டிகளிலேயே வாய்ப்பு பாதியைத் தாண்டிவிடும். மக்கள் சில எண்களை விரும்பி வாங்குவது இங்கே பந்தயம் கட்டியவருக்கு மேலும் சாதகம்தான். மகள் இந்தப் பந்தயத்தில் உங்களிடம் ஒருமுறை தோற்றால் போதும், ஊர் போய்ச் சேர்ந்ததும் தாத்தாவிடம் அவளே பந்தயம் கட்டுவாள்.

யார் எந்தப் பக்கம் உட்கார்வது என்பது சிறிய விஷயமாகத் தோன்றும், அப்படியல்ல. நாம் இடப்பக்கம் ஓட்டுகிறோம், வலப்பக்கமாக ஏறி முந்துகிறோம். எனவே நாம் முந்தும் லாரியும் பேருந்தும் இடப்பக்கச் சன்னல் பிள்ளைக்கே கிட்டத்தில் தெரியும். வலப்பக்கப் பிள்ளைக்கு நம்மை முந்திப்போகும் கார்களும், அரளிச் செடிகளுக்கு அப்பால் எதிர்த்திசையில் பறக்கும் வண்டிகளும்தான். எதிர்த்திசை வண்டியின் எண்ணைப் படிக்கவே முடியாது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. கார் தகட்டின் எழுத்து உயரம் விதிப்படி 65 மில்லிமீட்டர். குறையில்லாத கண்ணுக்கு அது ஏறத்தாழ 45 மீட்டர் தொலைவில்தான் எழுத்தாகத் தெரியத் தொடங்கும். இரு வண்டிகளும் 90 கி.மீ. வேகத்தில் எதிரெதிரே வந்தால் விநாடிக்கு 50 மீட்டர் நெருங்குகின்றன, ஆகவே கிடைப்பது ஒரு விநாடிகூட இல்லை. நம்மைவிட 20 கி.மீ. வேகம் குறைவாகப் போகும் வண்டியை நெருங்கும்போது அதே தொலைவுக்கு எட்டு விநாடி கிடைக்கிறது. ஆகவே நாம் முந்தும் வண்டியும் நம்மை முந்தும் வண்டியும் மட்டுமே கணக்கில் சேரும் என்று விதி வையுங்கள், ஒவ்வொரு நிறுத்தத்திலும் பிள்ளைகளை இடம் மாற்றி உட்கார வையுங்கள். பரனூர், விக்கிரவாண்டி, சமயபுரம், கப்பலூர் போன்ற சுங்கச்சாவடிகளில் வண்டிகள் ஊர்ந்து நிற்பதால், அங்கே சின்னவனுக்கும் நிதானமாகப் படிக்க நேரம் இருக்கும்.

கணக்கு தேறுமா என்று கேட்டீர்கள். ஓரிலக்கக் கூட்டல் சரளமாவது உறுதி. எதைத் திரும்பத் திரும்பச் செய்கிறோமோ அது கைவரும், அதில் ஐயமில்லை. எது அடிக்கடி வரும், எது அரிது என்ற உணர்வு பிள்ளைக்குப் பிடிபடுவதையும் வகுப்பில் பார்த்திருக்கிறேன். இந்த ஆட்டங்களை ஆடிய பிள்ளைகளுக்கு நிகழ்தகவுப் பாடம் அந்நியமாக இருந்ததில்லை. ஆனால் இதனால் நினைவாற்றல் பெருகும், ஒருமுகப்பாடு வளரும், மூளை கூர்மையாகும் என்றெல்லாம் சொல்வதை நான் ஏற்கவில்லை. ஒரு திறமையில் பெறும் பயிற்சி தொடர்பில்லாத வேறொரு திறமைக்கு அவ்வளவு எளிதில் பாய்வதில்லை என்பதை எட்வர்ட் தார்ண்டைக், ராபர்ட் வுட்வொர்த் ஆகிய இருவரும் 1901இலேயே சோதித்துக் காட்டினார்கள். கணக்குக்கு வேறு நல்ல வழிகள் ஆயிரம் உண்டு. பிள்ளைகள் சன்னலுக்கு வெளியே பார்க்கிறார்கள், ஒருவரோடொருவர் பேசுகிறார்கள், ஊர்களின் பெயர் தெரிகிறது. என்னைக் கேட்டால் இதற்காகவே ஆடலாம்.

எவ்வளவு நேரம் ஆடுவது என்பதில் பெற்றோர் பெரும்பாலும் பேராசைப்படுகிறார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ரேடார் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் ஏன் தவறவிடுகிறார்கள் என்று ஆராய்ந்த நார்மன் மேக்வொர்த், 1948இல் வெளியிட்ட கட்டுரையில், எப்போதோ ஒருமுறை வரும் ஒன்றுக்காகக் காத்திருப்பவரின் கவனம் முதல் அரை மணி நேரத்திலேயே குறிப்பிடத்தக்க அளவு சரிவதைக் காட்டினார். அவர் சோதித்தது பயிற்சி பெற்ற பெரியவர்களை. பிள்ளைகளுக்கு இருபது நிமிடம் போதும் என்பது என் அனுபவக் கணிப்பு, ஆறு வயதுக்கு அதற்கும் குறைவு. சலிப்பு வருவதற்கு முன்பே, நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போதே நிறுத்துங்கள். அடுத்த சுங்கச்சாவடிக்குப் பிறகு அவர்களே கேட்பார்கள். போட்டியாக ஆடுவதைக் காட்டிலும் இருவரும் ஒரு கட்சியாக நின்று, 'மேலூர் வருவதற்குள் நாற்பது வேறு வேறு ஊர் எண்களைச் சேர்த்துவிட முடியுமா?' என்று சாலையோடு போட்டியிடுவது இந்த வயது வித்தியாசத்துக்கு மிக ஏற்றது. தம்பி கண்டுபிடித்துச் சொல்கிறான், அக்கா அட்டையில் ஊரைத் தேடுகிறாள். ஒருவர் இல்லாமல் மற்றவருக்கு ஆட்டம் இல்லை.

தோளில் குத்தும் ஆட்டத்தை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள். அது ஃபோக்ஸ்வேகன் பீட்டில் என்ற உருண்டைக் காரைக் கண்டால் ஆடுவது, அந்தக் கார் நம் சாலையில் அபூர்வம். வேறு காரை வைத்து ஆடினாலும் ஓடும் வண்டியின் பின்னிருக்கையில் அடிதடி தொடங்கினால் ஓட்டுபவர் திரும்பிப் பார்ப்பார். நூறு கி.மீ. வேகத்தில் ஒரு விநாடி திரும்பினால் கார் 28 மீட்டர் போய்விடும். அதே காரணத்துக்காக ஓட்டுபவரை எந்த ஆட்டத்திலும் சேர்க்காதீர்கள், புள்ளித் தகராறுக்கு நடுவராகவும் வேண்டாம். நன்றாகப் பார்க்க வேண்டும் என்று பிள்ளை சீட் பெல்ட்டைக் கழற்றுவதும் இருக்கைகளுக்கு நடுவே எழுந்து நிற்பதும் கூடவே கூடாது. பதினான்கு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குப் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாவிட்டால் ஆயிரம் ரூபாய் அபராதம் என்று 2019ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் சொல்கிறது. அபராதம் இருக்கட்டும், பிள்ளை பத்திரமாக இருக்க வேண்டும். இன்னொன்று: பிள்ளைகளில் ஒருவர் எண்ணைப் படிப்பதில் எப்போதும் பின்தங்கினால், அல்லது கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தால், ஊர் திரும்பியதும் கண் மருத்துவரிடம் காட்டுங்கள். கரும்பலகை தெரியாததைச் சொல்லாமல் மறைக்கும் பிள்ளைகளை வகுப்பில் நிறையப் பார்த்திருக்கிறேன். சாலையில் அது மறைவதில்லை. சிவப்புக் காரையும் பச்சைக் காரையும் தொடர்ந்து மாற்றிச் சொல்லும் பையனுக்கும் இது பொருந்தும், ஏனெனில் அந்த நிறக்குறை ஆண் பிள்ளைகளிடமே அதிகம்.

மகனின் வாந்தியைப் பொறுத்தவரை, வெளியே பார்க்கும் ஆட்டங்கள் கைப்பேசியைவிட எவ்வளவோ மேல். கார் அசைவதைக் காதின் உட்பகுதி உணர்கிறது, மடியில் இருக்கும் திரையையோ புத்தகத்தையோ பார்க்கும் கண் அசைவில்லை என்கிறது. இந்த முரண்பாட்டால்தான் குமட்டல் வருகிறது என்று விளக்குகிறார்கள். இரண்டு வயது முதல் பன்னிரண்டு வயது வரை இந்தத் தொல்லை மிகுதி. ஆகவே முன்கண்ணாடி வழியே தொலைவில் போகும் வண்டியைப் பார்க்கும் ஆட்டங்களை அவனுக்குக் கொடுங்கள். பக்கச் சன்னலில் கிட்டத்தில் விரைந்து மறைபவற்றை எண்ணுவது அவனுக்கு வேண்டாம். குனிந்து எழுதும் வேலை எதையும் அவனிடம் தராதீர்கள். புள்ளிக்கு ஒரு புளியங்கொட்டை என்று ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்குக் கைத்தடவலாகவே மாற்றிக்கொள்ளட்டும். பேசிக்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று அமைதியாகி, கொட்டாவி விட்டு, முகம் வெளுத்து வியர்த்தால் அந்த நொடியே ஆட்டத்தை நிறுத்தி, சன்னலைச் சற்றுத் திறந்து, தொலைவில் சாலை முடியும் இடத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். வண்டியை ஓரம் கட்ட இடம் கிடைத்தால் இறக்கிச் சிறிது நடக்கவிடுங்கள். புறப்படுவதற்கு முன் மாத்திரை கொடுக்கலாமா என்பதை மட்டும், அவன் எடையும் வயதும் அறிந்த மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.